மூங்கிலில் ஒரு விளையாட்டு மூலை: முதன்முறை கட்டுகிறவர்களுக்கு

என் அக்கா வீட்டுக் கொல்லையில் நான் முதலில் கட்டிய மூங்கில் விளையாட்டு இடம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. நாலாவது மாதமே கம்பங்களின் அடியில் சலித்த மாவு மாதிரி வெளிர்மஞ்சள் தூள் கொட்ட ஆரம்பித்தது. அக்கா மகள் அதைக் கூட்டி அள்ளி, ரவை என்று சொல்லி, சொப்புச் சட்டியில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். வண்டு அரித்த தூள் அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐப்பசி மழையில் மண்ணில் நட்டிருந்த இரண்டு கால்கள் இற்றுப்போய், பந்தல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

இரண்டாவது முறை கட்டியது நான்கு வருடமாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டுகிற வேலையைவிட மூங்கிலைத் தயார் செய்கிற வேலைதான் பெரிது. அதை அவசரப்படாமல் செய்துவிட்டால், விளையாட்டைக் குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.

தொட்டு, தட்டி, முகர்ந்து, ஊர்ந்து, நனைந்து விளையாடுவதைத்தான் இப்போது புலன் விளையாட்டு என்கிறார்கள். அதற்கு மூங்கில் தோதாக இருப்பதற்குக் காரணம் எளிது. அதன் மேல்தோல் வழுவழுவென்று, வெயில் நேரத்திலும் நிழலில் இருந்தால் சில்லென்று இருக்கும். கணு கைக்குத் தட்டுப்படும். பிளந்தால் உள்ளே சொரசொரப்பு. உள்ளே காலியாக இருப்பதால் தட்டினால் சத்தம், சாய்த்தால் வாய்க்கால். தட்டி ஒலிக்கும் குழாய்கள், தண்ணீர் வாய்க்கால், ஊர்ந்து போகும் சுரங்கம், தொட்டு முகரும் பலகை எல்லாவற்றுக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் இருந்தால் போதும். பெரிய இடம் கிடைத்தாலும் முதல்முறை அதற்குமேல் போகாதீர்கள்.

மூங்கில் வாங்குவது

சவுக்கும் மூங்கிலும் விற்கும் மண்டியில் கேட்டால் பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். கல்மூங்கில் உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருக்கும். கால், சட்டம், வளைவு எல்லாவற்றுக்கும் அது. பெருமூங்கில், அதாவது முள் மூங்கில், நல்ல குழாய்; ஒலிக்கும் தண்ணீருக்கும் அதுதான் வேண்டும். பங்களாத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் மஞ்சள் மூங்கிலை யாராவது சும்மா தருகிறேன் என்றால் ஆசைப்படாதீர்கள். அதில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்குக் கல்யாணச் சாப்பாடு.

மூன்று வயதுக்கு மேல் முற்றிய மூங்கில்தான் உதவும். சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். இளசு 'பொத்' என்று சொல்லும், முற்றியது 'டங்' என்று சொல்லும். இளம் மூங்கிலின் தோலில் வெள்ளைப் பூச்சு இருக்கும், கணுவில் உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த உறையில் இருக்கும் சுணை கையில் பட்டால் அன்றைக்கு முழுக்க அரிப்புதான், அதனால் குழந்தைகள் கைக்குப் போகும் மூங்கிலில் உறை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பனிக்காலத்தில் வெட்டியதா என்றும் கேளுங்கள். அந்த நேரத்தில் மாவுச்சத்து குறைவு. பெரியவர்கள் தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள். மண்டிக்காரரிடம் அதையும் கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

சொந்தக்காரர் தோப்பில் மூங்கில் புதர் இருந்தால் இன்னும் நல்லது. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூங்கில் உண்மையில் புல் வகைதானே. அதனால் தோப்பு மூங்கிலை வெட்ட அந்தச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டியதில்லை. காட்டுக்குள் வளர்வதற்கு இது பொருந்தாது.

பிளாச்சு, அதாவது நீளவாட்டில் வகிர்ந்த மெல்லிய பட்டை, மட்டும் தேவையென்றால் மண்டிக்குப் போகவே வேண்டாம். சாலையோரம் கூடை, முறம், தட்டி முடைகிறவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் ஒரு மணி நேரத்தில் வகிர்ந்து தருவதை நாம் ஒரு நாள் முழுக்கச் செய்தாலும் அந்த நேர்த்தி வராது.

வண்டுக்கும் மழைக்கும்

வண்டு துளைத்த மூங்கிலில் கோடைக் காற்று புகுந்து குழலாக இசைத்ததைச் சங்கப் புலவர் ரசித்துப் பாடலாம். நம் வீட்டில் அது தூளாகத்தான் கொட்டும். தடுக்க இரண்டு வழி.

ஒன்று, ஊறப்போடுவது. வெட்டிய மூங்கிலைக் குளத்திலோ தொட்டியிலோ ஆறு முதல் எட்டு வாரம் அமிழ்த்தி வைத்தால் மாவுச்சத்து கரைந்து வெளியேறும். தொட்டியென்றால் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றினாலும் பத்து நாள் பழைய கழனித் தண்ணீர் நாற்றம் அடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும். 50 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ வெங்காரம், ஒரு கிலோ போரிக் அமிலம். நீளக் கம்பியால் உட்கணுக்களை எல்லாம் குத்தித் துளைத்துவிட்டு, பத்து நாள் முங்கும்படி போட்டு வைக்க வேண்டும். துளைக்காமல் போட்டால் மேல்தோல் வழியாக மருந்து உள்ளே போகவே போகாது. அந்தத் தோல் அப்படி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகிவிடும், கிணற்றுப் பக்கமும் போகக் கூடாது. அடுத்த தவணை மூங்கிலுக்கே அதைப் பயன்படுத்தலாம்.

நான் இரண்டையும் கலந்து செய்கிறேன். கால், சட்டம், கூரைக்கு மருந்து போட்டது. சின்னக் குழந்தைகள் கையில் எடுத்து வாயில் வைக்கக்கூடிய துண்டுகள் எல்லாம் தண்ணீரில் மட்டும் ஊறியது. தண்ணீரில் மட்டும் ஊறியவை ஒன்றரை இரண்டு வருடத்தில் கெட்டுப்போகும். போனால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். ஆர்சனிக் கலந்த பச்சை நிற மர மருந்து போட்ட மூங்கிலை யாராவது மலிவாகக் கொடுத்தால் இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

எப்படி ஊறினாலும், பிறகு நிழலில் நிறுத்திவைத்து ஒரு மாதம் காய வேண்டும். வெயிலில் போட்டால் நள்ளிரவில் 'பட்' என்று வெடிக்கிற சத்தம் கேட்கும். காலையில் போய்ப் பார்த்தால் நல்ல கம்பில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

அறுப்பதும் தேய்ப்பதும்

மரம் அறுக்கும் ரம்பம் மூங்கில் நாரைப் பிய்த்துவிடும். இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடுதான் சரி. அறுக்கிற இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேலேயே அறுங்கள். ஓரம் சிராய் எழும்பாமல் சுத்தமாக வரும்.

நிற்கிற கம்பத்தின் தலையை எப்போதும் கணுவுக்குச் சற்று மேலே, ஒட்டினாற்போல அறுங்கள். கணுவிலிருந்து நாலு அங்குலம் விட்டு அறுத்தால் அங்கே ஒரு தம்ளர் உருவாகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், ஒரு வாரத்தில் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். வேறு வழியில்லாமல் அப்படி அறுக்க நேர்ந்தால், கணுவுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு துளை போட்டுத் தண்ணீரை வடிய விடுங்கள்.

அப்புறம் உப்புத்தாள். முதலில் 80 நம்பர், அடுத்து 120, கடைசியில் 220. கணுவின் விளிம்பை அரத்தால் ராவி மட்டமாக்குங்கள். குழாயின் வாய் விளிம்பை உள்ளும் புறமும் தேய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அது கத்திதான். பிளந்த பத்தையின் ஓரம் நிஜமாகவே தோலை வெட்டும்.

தேய்த்து முடித்ததும் ஒரு சோதனை. பழைய நைலான் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு மூங்கிலின் மேல் இரு திசையிலும் இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. விரலுக்குத் தெரியாதது நைலானுக்குத் தெரியும். நான் 'முடிந்தது' என்று எடுத்து வைத்த பதினாறு குழாய்களில் துப்பட்டா ஒன்பதில் மாட்டியது.

மேற்பூச்சுக்குப் பச்சையான ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக இரண்டு கை. கடையில் 'பாயில்டு' என்று போட்டிருப்பதில் சீக்கிரம் உலர வேண்டும் என்று உலோக உப்புகள் சேர்ப்பார்கள், அது வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் சேருங்கள்.

காலை ஊன்றுவது

மண்ணில் நட்ட மூங்கில் ஒன்றிரண்டு வருடத்தில் இற்றுவிடும். என் முதல் பந்தல் அப்படித்தான் போனது. மூங்கில் கட்டடக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: அதற்குத் தலையில் தொப்பியும் காலில் செருப்பும் வேண்டும். அதாவது மழை படாத கூரை, ஈரம் ஏறாத அடி.

இரண்டடி நீள ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நடுங்கள். வெளியே நிற்கும் ஒரு அடி பைப்பின் மேல் மூங்கிலைச் செருகி, குறுக்கே துளையிட்டு போல்ட் போடுங்கள். இதற்கு மட்டும் காலாகவும் பெருமூங்கில்தான் வேண்டும். கல்மூங்கில் என்றால் பைப்புக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு போல்ட்டால் பிணைக்கலாம். மூங்கிலின் அடி தரையிலிருந்து நாலு விரற்கடையாவது மேலே நிற்கட்டும். போல்ட்டின் மறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்துவிட்டு, மூடி நட் போடுங்கள்.

ஆணி அடிக்காதீர்கள், பிளந்துவிடும். டிரில்லில் துளை போட்ட பிறகே எதையும் முடுக்க வேண்டும். மற்ற இணைப்புகளுக்குத் தேங்காய் நார்க் கயிறு போதும். கொஞ்ச நேரம் நனைத்தால் சொன்னபடி வளைந்து கொடுக்கும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற ஒருவரை அரை நாள் கூலிக்குக் கூப்பிட்டு முடிச்சைக் கற்றுக்கொண்டேன், இந்த வேலையில் நான் செய்த உருப்படியான செலவு அது. மூங்கில் காயக் காயச் சுருங்கும், முடிச்சு தளரும். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் இறுக்க வேண்டும்.

சத்தம்

முதலில் செய்ய வேண்டியது இதுதான், ஏனென்றால் இதில் தோற்கவே முடியாது. அடியில் கணு மூடியிருக்க, மேல்வாய் திறந்திருக்கும்படி குழாய்களை அறுத்து, நடுவில் கணு வந்தால் குத்தி எடுத்துவிடுங்கள். 30, 40, 50, 65, 80 சென்டிமீட்டர் என்று ஐந்து நீளம். நிறுத்திப் பிடித்துத் தரையில் இடித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி. ஒருபக்கம் மூடிய குழாயின் சுருதி அதன் உள்நீளத்தைப் பொறுத்தது. 40 சென்டிமீட்டர் குழாய் நொடிக்கு 200 அதிர்வுக்குச் சற்று மேலே ஒலிக்கும், 80 சென்டிமீட்டர் அதில் பாதி. நீளம் கூடினால் குரல் கட்டையாகும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். சிமென்ட் தரையில் இடித்தால் குழாய் பிளக்கும். பழைய டயரையோ மண்தரையையோ காட்டிவிடுங்கள்.

கம்புகளைப் படுக்க வைத்துத் தட்டும் சைலஃபோன் மாதிரி வேண்டுமா? கயிற்றில் எங்கே தாங்குகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். நுனியிலிருந்து மொத்த நீளத்தில் 22 சதவீதம் தள்ளி இரண்டு பக்கமும் தாங்க வேண்டும். அந்த இரண்டு புள்ளிகள் அதிராமல் நிற்பவை, அங்கே பிடித்தால் ஒலி அமுங்காது. 50 சென்டிமீட்டர் கம்பு என்றால் நுனியிலிருந்து 11 சென்டிமீட்டர். ஓரத்தில் தாங்கிப் பாருங்கள், பிறகு இந்த இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். 'டொக்' என்று இருந்தது 'டோங்ங்' என்று நீளும். தட்டுகிற குச்சியின் தலையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள்.

இந்தோனேசியாவின் ஆங்க்லுங் இதே குடும்பம்தான். மூங்கில் குழாய்களை ஆட்டி ஒலியெழுப்பும் அந்தக் கருவியை 2010இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆளுக்கு ஒரு சுரம் மட்டும் கையில் இருக்கும், பத்துப் பேர் சேர்ந்தால்தான் பாட்டு. பள்ளிக்கூடத்தில் செய்கிறவர்களுக்கு இந்த முறை நன்றாக ஒத்துவரும். ஒலிக் கருவிகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஆரோவிலில் ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை இருக்கிறது, மூங்கில் வேலைக்கு அங்கேயே ஒரு மூங்கில் மையமும் உண்டு.

ஒரு விஷயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்குத் திடீர்ச் சத்தம் தாங்காது. ஒலி மூலையைச் சுரங்கத்திலிருந்து எட்டத் தள்ளி வையுங்கள். காற்றில் தானே கிலுகிலுக்கும் தொங்கல்களைக் கட்டாதீர்கள். தட்டினால் மட்டும் சத்தம் வருகிற மாதிரி இருந்தால், அந்தப் பிள்ளை தானாக வந்து மெதுவாக ஒரு தட்டு தட்டிப் பார்க்கும்.

தண்ணீர்

பெருமூங்கிலை நுனிப் பக்கத்திலிருந்து பிளக்க வேண்டும். அரிவாளை வாயின் நடுவில் வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினால் நேராக ஓடும். உட்கணுக்களை உளியால் எடுத்து, உருண்டை அரத்தால் ராவினால் வாய்க்கால் தயார். ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவு போதும். வாய்க்கால்களை நிலையாகப் பொருத்தாதீர்கள். கவட்டைக் குச்சிகளை மட்டும் வெவ்வேறு உயரத்தில் ஊன்றிவிட்டு, வாய்க்கால் துண்டுகளைப் பக்கத்தில் குவித்து வையுங்கள். எதை எங்கே வைத்தால் தண்ணீர் வாளிக்குப் போகும் என்ற சண்டையிலேயே ஒரு மாலை போய்விடும். உருட்டி விட எலுமிச்சம்பழம் கொடுங்கள். கோலிக்குண்டும் புளியங்கொட்டையும் வேண்டவே வேண்டாம், புளியங்கொட்டை கடைசியில் போய்ச் சேரும் இடம் மூக்கு.

கொஞ்சம் கைவந்ததும் ஜப்பான்காரர்களின் ஷிஷி-ஓதோஷி செய்து பாருங்கள். வயலில் மான் விரட்ட வைத்தது. இரண்டு கணுவிடை நீளமுள்ள குழாய், சுமார் 60 சென்டிமீட்டர். முன்பாதியின் வாயைச் சரிவாக அறுங்கள். நடுக்கணுவும் பின்கணுவும் மூடியபடியே இருக்கட்டும். குழாயை விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு விரற்கடை வாய்ப்பக்கம் தள்ளிக் குறுக்கே அச்சு போடுங்கள். காலியாக இருக்கும்போது பின்பக்கம் தரையில் படிந்திருக்கும். சொம்பால் ஊற்ற ஊற்ற முன்பக்கம் கனத்து, சட்டென்று கவிழ்ந்து கொட்டிவிட்டு, திரும்ப விழும்போது கீழே வைத்த கல்லில் 'டொக்'. எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது, முதல் இரண்டிலும் நடுக்கணுவை நானே குத்தி எடுத்திருந்தேன்.

விளையாடி முடித்ததும் வாளி, வாய்க்கால் எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும்.

நிழலும் ஊர்ந்து போகும் சுரங்கமும்

வங்கதேசத்தில் ருத்ரபூர் என்ற கிராமத்தில், அன்னா ஹெரிங்கர், ஐக்கே ரோஸ்வாக் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் மண்ணாலும் மூங்கிலாலும் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. கீழ்த்தளத்து வகுப்பறைகளுக்குப் பின்னால், பிள்ளைகள் தவழ்ந்து புகுந்து ஒண்டிக்கொள்ள மண் குகைகள் இருக்கின்றன. எவ்வளவு பெரிய மைதானம் கொடுத்தாலும் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய் உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நமக்குக் குகை வேண்டாம், பிளாச்சுப் போதும். ஈரப் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, ஒரு முழத்துக்கு ஒன்றாக வரிசையாக நிறுத்தி, நீளவாட்டில் மூன்று பிளாச்சு வைத்துக் கட்டுங்கள். உயரம் ஒரு மீட்டர், பெரியவர் கை உள்ளே எட்டும் அளவு. இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஆடியில் அவரையும் சங்குப்பூவும் விதைத்துவிட்டால் மார்கழியில் பச்சைச் சுரங்கம். அதுவரை மூங்கில் தட்டியைப் போர்த்தலாம். மாலை வெயில் தட்டி வழியே இறங்கும்போது உள்ளே விழும் கட்டம் கட்டமான நிழலை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள்.

தொடவும் முகரவும் தனியாக ஒரு பலகை. பல பருமனில் வளையம் வளையமாக அறுத்துப் பலகையில் பொருத்துங்கள். சிலவற்றில் மூங்கில் சீவல், சிலவற்றில் தேங்காய் நார், சிலவற்றில் வெறும் ஓட்டை. மூடி போட்டு ஊசித் துளையிட்ட குழாய்களில் வெட்டிவேர், காபித்தூள், நொச்சி இலை. வெட்டிவேரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், அந்த மூலைக்கே கோடை குறைந்துவிடும்.

குழந்தைகளை விடும் முன்

டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. அந்த அளவில் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். சுரங்கத்தின் வில்களுக்கு நடுவில் இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். குறுக்குப் பிளாச்சு கட்டியோ தட்டி போர்த்தியோ அடைத்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வரும் இடமென்றால் 3 சென்டிமீட்டருக்குச் சிறிய துண்டு எதுவும் கையில் கிடைக்கக் கூடாது. கயிற்றின் மிச்ச நுனிகளை ஒட்ட அறுத்துவிடுங்கள், தொங்கவிடாதீர்கள். இது ஏறுவதற்கான கட்டுமானம் இல்லை. ஏறத்தான் செய்வார்கள், அதனால் இடுப்பு உயரத்துக்கு மேல் கால் வைக்கத் தோதான குறுக்குக் கம்பு எதையும் கட்டாதீர்கள். தரையில் ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டினால் விளையாட்டுக்கும் ஆயிற்று, விழுந்தால் அடியும் குறையும். எம்-சாண்ட் என்றால் தூசி போக ஒருமுறை கழுவிவிடுங்கள். பூனை வரும் வீடென்றால் இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன், சுரங்கத்தை ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். குழாய்களைக் கவிழ்த்து உதறுங்கள். தேளுக்கும் பூரானுக்கும் மூங்கில் ஓட்டை பிடித்தமான வீடு.

மாதம் ஒருமுறை துப்பட்டாச் சோதனை, கயிறு இறுக்கம், தூள் கொட்டுகிறதா என்று ஒரு பார்வை. தூள் கண்ட துண்டை அன்றே கழற்றி எடுத்துவிட வேண்டும், வைத்தால் பக்கத்துக் கம்புக்குப் போய்விடும். அடுப்பெரிக்கலாம் என்று நினைத்தால் முதலில் ஒவ்வொரு கணுவிடையையும் பிளந்துவிடுங்கள். மூடிய கணுவோடு தீயில் போட்டால் வேட்டு மாதிரி வெடிக்கும். மருந்தில் ஊறிய துண்டுகளை அடுப்பில் வைக்கவே கூடாது. நான் அவற்றைக் கொடி படர விடும் குச்சியாக நட்டுவிடுகிறேன். புடலைக்குப் பக்கத்தில் இப்போது பழைய 65 சென்டிமீட்டர் குழாய் ஒன்று நிற்கிறது. அக்கா மகள் பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கீழே வைக்காமலே அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.